ரெசின் பாகத்துக்கு இடம் செய்வது: விமான மாடல் தொடக்கநிலை விளக்கம்

விமான மாடல் கிட் வாங்கிய கையோடு பலர் தேடுவது அதற்கான ரெசின் செட், அதாவது கிட் பாகங்களுக்குப் பதிலாகப் பொருத்தத் தனியாக விற்கும் ரெசின் பாகங்கள். பெட்டியில் வருவதைவிடத் துல்லியமான சக்கரம், பெல்ட் தொங்கும் இருக்கை, உள்பக்கம் வளையம் வளையமாகத் தெரியும் எக்ஸாஸ்ட் (இன்ஜினின் புகைபோக்கிக் குழாய்), ஒயர் ஓடும் காக்பிட் என்று படத்தில் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். வாங்கி வந்த காக்பிட் உடற்பகுதிக்குள் இறங்க மறுத்து நிற்கும்போதுதான் விஷயம் புரியும். கிட் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவே செய்யப்பட்டவை. ரெசின் பாகம் அப்படியல்ல, நாம் அதற்கு இடம் செய்து கொடுக்க வேண்டும். இந்த வேலையில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இடப் பிரச்சினைதான்.

எடுத்துக்காட்டுக்கு 1/48 அளவில் மிக்-21ஐ எடுத்துக்கொள்வோம். 1963 முதல் 2025 செப்டம்பர் வரை இந்திய விமானப்படையில் இருந்ததால் நம்மவர்களுக்குப் பழகிய போர் விமானம். செக் குடியரசின் எடுவார்ட் நிறுவனம் இந்த அளவில் கிட்டும் வெளியிடுகிறது, பிராசின் என்ற பெயரில் அதற்கு ரெசின் பாகங்களும் விற்கிறது. ஏரிஸ், குவிக்பூஸ்ட், சிஎம்கே எல்லாமே செக் நாட்டுப் பெயர்கள்தான். இந்தத் தொழிலில் அந்தச் சிறிய நாட்டின் கை ஓங்கியிருக்கிறது.

ரெசினில் மட்டும் ஏன் இவ்வளவு நுணுக்கம்?

கிட்டின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். அதை உருக்கி எஃகு அச்சுக்குள் அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். அந்த அச்சு நேராகத் திறந்து மூட வேண்டும். பாகத்தின் பக்கவாட்டில் உள்வாங்கிய பள்ளம் இருந்தால் அச்சிலேயே சிக்கிக்கொள்ளும். கிட் இருக்கையின் பக்கங்கள் பெரும்பாலும் மொழுமொழுவென்று இருப்பது இதனால்தான். ரெசின் பாகம் பாலியூரித்தேன். இரண்டு திரவங்களைக் கலந்து சிலிக்கோன் ரப்பர் அச்சில் ஊற்றுவார்கள், கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும். ரப்பர் வளைந்து கொடுப்பதால் உள்மடிப்பு, துளை, தொங்கும் பெல்ட் எல்லாவற்றையும் சேதமில்லாமல் உருவி எடுக்கலாம். ஆனால் அந்த அச்சு சில டஜன் வார்ப்புகளிலேயே தேயத் தொடங்கும், ஒவ்வொன்றையும் கையால் ஊற்ற வேண்டும். விலை ஏறுவது அங்கேதான்.

இப்படிச் செய்வதால் பாகம் சில குணங்களோடு நம் கைக்கு வருகிறது. ஊற்றிய வழியில் இறுகிய ரெசின் ஒரு கட்டையாகப் பாகத்தோடு ஒட்டியிருக்கும். இதை வார்ப்புக் கட்டை என்போம். அச்சிலிருந்து எளிதாகக் கழலத் தடவிய மெழுகோ சிலிக்கோனோ மேற்பரப்பில் மிச்சமிருக்கும். இறுகும்போது ரெசின் சற்றே சுருங்கும். மெல்லிய தகடுகள் வளைந்து வருவதும் உண்டு. எங்காவது குண்டூசித் தலை அளவில் காற்றுக்குமிழிப் பள்ளமும் இருக்கலாம்.

இப்போது முப்பரிமாண அச்சில் எடுத்த ரெசின் பாகங்களும் நிறைய வருகின்றன. அவை புற ஊதா ஒளியில் இறுகும் வேறு வகை ரெசின். கட்டைக்குப் பதில் ஈர்க்குச்சி போன்ற தாங்கிகள் பல இருக்கும். நுணுக்கத்தில் வார்ப்பை மிஞ்சும், ஆனால் பட்டென்று உடையும். கீழே சொல்லும் முறைகளில் பெரும்பாலானவை இரண்டுக்கும் பொருந்தும்; வேறுபடும் இடத்தில் சொல்கிறோம்.

வாங்கும் முன்

செட்டின் உறையில் எந்த நிறுவனத்தின் கிட்டுக்கானது என்று எழுதியிருக்கும். அதை அப்படியே நம்புங்கள். ஒரே விமானம், ஒரே அளவு என்றாலும் ஒரு நிறுவனத்தின் உடற்பகுதிச் சுவர் இன்னொன்றைவிடத் தடிமனாக இருக்கும், காக்பிட் திறப்பின் நீளமும் மாறும். வேறு கிட்டுக்கான காக்பிட்டை இதில் திணிப்பது தொடக்கநிலையில் வேண்டாத வம்பு.

முதல் ரெசின் பாகமாகச் சக்கரம் வாங்குவது நல்லது. அடுத்தது இருக்கை, பிறகு எக்ஸாஸ்ட். முழு காக்பிட் அதற்கும் பிறகு. கேனபியை (காக்பிட்டின் கண்ணாடி மூடி) மூடி வைக்கப்போகிறீர்கள் என்றால் காக்பிட் செட்டே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. மூடிய கண்ணாடி வழியே தெரிவது இருக்கையின் மேல்பாதியும் கருவிப்பலகையின் விளிம்பும்தான். அதற்கு ஒரு இருக்கை போதும்.

கழுவுதல்

கட்டையோடு இருக்கும்போதே கழுவுங்கள், பிடிக்க வசதி. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, பத்து நிமிடம் ஊறல், பிறகு பழைய மென்மையான பல்துலக்கியால் தேய்ப்பு. கீழே டீ வடிகட்டியைப் பிடித்துக்கொண்டு அலசினால் சிறிய பாகம் சாக்கடைக்குப் போகாது. கழுவாமல் விட்டால் பெயின்ட் அடிக்கும்போது தெரியும்: எண்ணெய்த் தட்டில் நீர் விட்டதுபோல அங்கங்கே வட்டமாக விலகி நிற்கும். பிறகு மறைப்பு டேப்பை உரிக்கும்போது பெயின்டும் சேர்ந்து வரும். அச்சிட்ட பாகம் தொடும்போது பிசுபிசுத்தால் அது சரியாக இறுகவில்லை என்று பொருள். கையுறை போட்டு, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் அலசி, உலர்த்தி, சிறிது நேரம் வெயில் காட்டுங்கள். அதிக நேரம் விட்டால் இன்னும் நொறுங்கும்.

வளைந்த தகட்டை நிமிர்த்துவது எளிது. கொதித்து இறக்கிய நீரில் அரை நிமிடம் போட்டால் ரெசின் இளகும். இடுக்கியால் எடுத்துக் கண்ணாடித் துண்டின் மேல் தட்டையாக அழுத்தி, அப்படியே குளிர்ந்த நீரில் முக்குங்கள். ஒரே தடவையில் நிமிராவிட்டால் திரும்பச் செய்யலாம். குளிர்ந்தபின் வளைத்தால் உடையும்.

கட்டையை அறுத்தல்

நிப்பரால் (வெட்டும் குறடு) வெட்டாதீர்கள். கடினமான ரெசினை நிப்பர் பிளக்கும். பிளவு எங்கே முடியும் என்பது நம் கையில் இல்லை, பாகத்துக்குள்ளும் ஓடலாம். மெல்லிய ரேஸர் ரம்பம்தான் சரி. பாகத்தையல்ல, கட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாகத்தின் விளிம்பிலிருந்து அரை மி.மீ. தள்ளிக் கட்டைப் பக்கம் கோடு போட்டு, அந்தக் கோட்டில் அறுங்கள். முதல் நாலைந்து இழுப்பு அழுத்தமே இல்லாமல், ரம்பம் தனக்கு வழி வெட்டிக்கொள்ளும் வரை. பாதி ஆழம் போனதும் திருப்பி மறுபக்கத்திலிருந்து அறுத்தால் கோணம் தப்பாது. மிச்சமிருக்கும் அரை மி.மீட்டரை உப்புத்தாளில் தேய்த்து எடுக்க வேண்டும்: கண்ணாடித் துண்டின் மேல் 400 எண் வாட்டர் பேப்பரை விரித்து, நனைத்து, பாகத்தை எட்டுப் போடுவதுபோல் சுற்றித் தேய்க்கவும். நேர்க்கோட்டிலேயே தேய்த்தால் விரல் அழுத்தும் பக்கம் அதிகம் தேய்ந்து சாய்ந்துவிடும். முடிவில் 600 அல்லது 800.

துளைகளை மூடியிருக்கும் வெங்காயச் சருகு போன்ற படலத்தை புதுப் பிளேடின் நுனியால் கோடு கிழித்தாலே போதும், விழுந்துவிடும். அச்சிட்ட பாகத்தின் தாங்கிகளை மட்டும் நிப்பரால் வெட்டலாம். அதையும் முதலில் தள்ளி வெட்டி, மிச்சத்தைத் தேய்க்க வேண்டும்.

தூசு விஷயத்தில் அலட்சியம் கூடாது. ரெசின் தூசு மாவுபோல நுண்மையானது, நுரையீரலுக்குள் ஆழமாகப் போகும். என்-95 முகக்கவசம், ஈரத் தேய்ப்பு, வேலை முடிந்ததும் மேசையை ஈரத்துணியால் துடைப்பது ஆகிய மூன்றும் எப்போதும் வேண்டும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து தேய்ப்பதைப் போன்ற மோசமான ஏற்பாடு வேறில்லை.

பசை

கிட் பசை ரெசினை ஒட்டாது. டாமியா எக்ஸ்ட்ரா தின் போன்ற பசைகள் பாலிஸ்டைரீனை உருக்கி இரு பாகங்களையும் ஒன்றாக்குகின்றன. ரெசின் அதில் உருகாது, எனவே ஒரு பக்கம் மட்டும் இளகி, காய்ந்ததும் பாகம் கழன்று விழும். ரெசினுக்கு வேண்டியது சூப்பர் க்ளூ அல்லது இரு கலவை எபாக்ஸி.

பெவிக்விக் போல நீர்த்த வகை சூப்பர் க்ளூ, பாகத்தை வைத்தபின் விளிம்பில் ஒரு துளி தொட்டால் தானே இடுக்கில் ஓடும். கெட்டி வகை சில விநாடி அவகாசம் தரும். ட்யூபிலிருந்து நேரே விடாமல், ஒரு பழைய மூடியில் ஒரு சொட்டு விட்டு ஊசியால் தொட்டு வையுங்கள். இந்தப் பசை காற்றின் ஈரத்தால்தான் இறுகுகிறது. கடலோர ஊர்களில் வேகமாகப் பிடிக்கும், திறந்த ட்யூபும் சீக்கிரம் கட்டியாகும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைப்பது நல்லது. அதன் பலவீனம் பக்கவாட்டு அடி. நேராக இழுத்தால் தாங்கும், பக்கத்திலிருந்து தட்டினால் தெறிக்கும். அதனால் நீட்டிக்கொண்டு நிற்கும் பாகம் எதுவானாலும், பின் வைஸில் (விரலால் சுழற்றும் சிறு துளைக்கருவி) 0.5 மி.மீ. துளையிட்டுப் பித்தளைக் கம்பி ஒன்றைச் செருகி ஒட்டுங்கள். திசை பார்த்து வைக்க வேண்டிய பாகங்களுக்கு ஐந்து நிமிட எபாக்ஸி. நகர்த்திச் சரிசெய்ய மூன்று நிமிடமாவது கிடைக்கும்.

சக்கரம்

ரெசின் சக்கரங்கள் பலவற்றில் டயரின் அடி தட்டையாகவும் பக்கம் லேசாகப் பிதுங்கியும் இருக்கும், விமானத்தின் எடையைத் தாங்குவதுபோல. கட்டை பெரும்பாலும் அந்தத் தட்டைப் பகுதியில்தான் இணைந்திருக்கும். அங்கே அதிகமாகத் தேய்த்தால் காற்றுப்போன டயராகிவிடும், ஆகவே இரு பக்கச் சக்கரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உயரத்தை ஒப்பிட்டுக்கொண்டே தேய்க்கவும்.

சக்கரத்தின் நடுவில் அச்சாணி நுழையும் துளை சில செட்களில் குறுகலாக இருக்கும். அச்சாணியைச் சீவாமல் துளையைப் பெரிதாக்குங்கள். ஒட்டும்போது எபாக்ஸி வைத்து, உடனே மாடலைக் கண்ணாடித் தகட்டின் மேல் நிற்கவைத்து, முன்னாலிருந்து பாருங்கள். தட்டைப் பகுதி தரையில் முழுதாகப் படிய வேண்டும். பசை இறுகும் முன் விரலால் திருப்பிச் சரிசெய்யலாம். தட்டை முகம் முன்னால் பார்த்து நிற்கும் சக்கரத்தைப் பல மாடல்களில் காணலாம். சூப்பர் க்ளூவில் அவசரப்பட்டதன் விளைவு அது.

இருக்கை

மிக்-21இன் எம்எஃப் வகையில் இருப்பது கேஎம்-1 வெளியேற்ற இருக்கை. ரெசின் இருக்கையின் கட்டை பெரும்பாலும் அடியில் இருக்கும். முழுதாக எடுக்காமல் ஒரு மி.மீ. விட்டுவிட்டால் இருக்கை அந்த அளவுக்கு உயர்ந்து, தலைப்பகுதி கேனபியில் முட்டும். பெயின்ட் அடிக்கும் முன்பே இருக்கையை உள்ளே வைத்து, கேனபியை மேலே வைத்துப் பாருங்கள். பெயின்ட் அடித்தபின் இருக்கையைக் கடைசியாக ஒட்டலாம், அதுவரை அது தனியாகவே இருக்கட்டும்.

காக்பிட்: உண்மையான வேலை

கிட்டின் உடற்பகுதிச் சுவர் ஒரு மி.மீ. தடிமன் என்று வையுங்கள். 1/48இல் அது 48 மி.மீ. சுவர், நிஜ விமானத்தின் தகடு ஓரிரு மி.மீட்டர்தான். ரெசின் காக்பிட் செய்பவர் உள்அகலத்தை நிஜத்துக்கு நெருக்கமாக வைக்கப் பார்ப்பார். பக்கச்சுவரும் தனி ரெசின் பாகமாக வரும். இரண்டு தடிமனும் சேர்ந்தால் இடம் எங்கே? பிளாஸ்டிக்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

செட்டோடு வரும் குறிப்புத்தாளில் எடுக்க வேண்டிய பிளாஸ்டிக் நிழலிட்டோ வண்ணமிட்டோ காட்டப்பட்டிருக்கும். முதலில் உடற்பகுதியின் உள்பக்கம் புடைத்திருக்கும் கிட் விவரங்களைத் தட்டை உளியாலோ பிளேடாலோ சீவி எடுங்கள். பிறகு அந்தப் பகுதியைத் தேய்த்து மெல்லியதாக்க வேண்டும். மோட்டார் கருவி இருந்தால் மிகக் குறைந்த வேகத்தில், ஒரு இடத்தில் ஒரு விநாடிக்கு மேல் நிற்காமல். வேகம் கூடினால் பிளாஸ்டிக் வெட்டுப்படாமல் உருகிப் பிசினாகி முனையில் சுற்றிக்கொள்ளும், வெளிப்பக்கம் பள்ளம் விழும். அவசரமில்லாதவர்களுக்கு வளைந்த பிளேடால் சுரண்டுவதே பாதுகாப்பு.

எவ்வளவு மெல்லியது போதும் என்பதற்கு மேசை விளக்குதான் அளவுகோல். பாகத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தடித்த இடம் கருமையாகவும் மெலிந்த இடம் ஒளி கசிவதாகவும் தெரியும். காக்பிட் உட்காரும் பகுதி முழுக்க ஒரே சீரான மங்கல் ஒளி வரும்வரை தேய்க்கலாம். எங்காவது ஒரு புள்ளி மட்டும் பளிச்சென்று தெரிந்தால் அங்கே உடனே நிறுத்துங்கள். கேனபி உட்காரும் விளிம்பை முழுதாக மெலித்துவிட வேண்டாம், வளைந்து அலையும்.

அடுத்தது பசையில்லாமல் வைத்துப் பார்ப்பது. இந்த வேலையில் நேரம் போவது இங்கேதான், போகவும் வேண்டும். காக்பிட்டை ஒரு பாதிக்குள் ப்ளூ-டாக்கால் (ஒட்டி எடுக்கக்கூடிய களிம்பு) நிறுத்தி, மறுபாதியை மூடி, டேப் சுற்றுங்கள். முதுகுக் கோடும் வயிற்றுக் கோடும் இடைவெளியில்லாமல் மூடுகின்றனவா? இறக்கையின் அடி சேர்கிறதா? முன்கண்ணாடியின் அகலம் உடற்பகுதியோடு ஒத்துப்போகிறதா? உடற்பகுதி அரை மி.மீ. விரிந்தாலும் இந்த மூன்று இடத்திலும் படி தெரியும். டேப்பை இறுக்கிக் கட்டி மூடவைத்துவிடலாம் என்று தோன்றும். அப்படி ஒட்டிய கோடு அழுத்தத்திலேயே இருக்கும், என்றாவது பிளக்கும்.

எங்கே முட்டுகிறது என்று கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். கார்பன் பேப்பர் துண்டு ஒன்றை, மை தடவிய பக்கம் பிளாஸ்டிக்கைப் பார்க்க, ரெசினுக்கும் சுவருக்கும் நடுவே வைத்து மூடி அழுத்துங்கள். திறந்தால் முட்டும் இடத்தில் நீலக் கறை. அங்கே மட்டும் தேய்த்து, மறுபடி வைத்து, மறுபடி கறை பாருங்கள். பத்துத் தடவை கூடச் செய்ய வேண்டியிருக்கும்.

மிக்-21இல் இன்னொரு கோணமும் உண்டு. காற்று மூக்கின் வழியே நுழைந்து காக்பிட்டின் இரு பக்கமும் பிரிந்து பின்னால் போகிறது; முன்சக்கரக் குழியும் அதே மூக்குப் பகுதியில்தான். காக்பிட், குழி, காற்றுக்குழாய் மூன்றும் ஒரே உடற்பகுதிக்குள் அடுக்கப்படுவதால், காக்பிட்டை மட்டும் வைத்துச் சோதித்துத் திருப்தியடைய முடியாது. மூன்றையும் சேர்த்து வையுங்கள். அடியில் முட்டினால் காக்பிட்டின் அடிப்பக்க ரெசினைத் தேய்க்கலாம். ஆனால் முன்பே விளக்குக்கு எதிரே பிடித்து எவ்வளவு தடிமன் இருக்கிறதென்று பார்த்துக்கொள்ளுங்கள், தரையில் ஓட்டை விழுந்தால் சரிசெய்வது பெரும்பாடு.

கருவிப்பலகை சில செட்களில் பொறிக்கப்பட்ட பித்தளைத் தகடாகவும் ஃபிலிமாகவும் வரும். ஃபிலிமின் பின்பக்கம் வெள்ளை அடித்தால்தான் கடிகார முகப்புகளின் எண்கள் தெரியும். மிக்-21 எம்எஃப்பின் காக்பிட்டுக்கு நீலப்பச்சை நிறம். பலகையின் நடுவே செங்குத்தாக ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். விமானம் சுழன்று விழும்போது விமானி கட்டுப்பாட்டுக் குச்சியை நடுவுக்குக் கொண்டுவர அது வழிகாட்டி. அதை மறந்தால் தெரிந்தவர் கண்ணுக்கு உடனே படும். குச்சி, நெம்புகோல் போன்ற மெல்லிய ரெசின் பாகங்கள் உடைந்தால் வருந்த வேண்டாம், 0.3 மி.மீ. கம்பி அதைவிட நன்றாக இருக்கும்.

எக்ஸாஸ்டும் வால் எடையும்

ரெசின் எக்ஸாஸ்டின் அழகு, உள்ளே இணைப்புக்கோடு இல்லாதது. கட்டையைச் செங்கோணத்தில் அறுப்பதுதான் இதில் சவால். குழாயைச் சுற்றி மறைப்பு டேப் ஒன்றை, முனையும் முனையும் சரியாகச் சேரும்படி ஒட்டி, அந்த விளிம்பையொட்டி நாலாபக்கமும் திருப்பித் திருப்பி அறுங்கள்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. திண்மையான ரெசின் எக்ஸாஸ்ட் வெறும் பிளாஸ்டிக் பாகத்தைவிட எடை கூடியது, இருப்பதோ வாலின் கடைசியில். மூன்று சக்கர விமானம் வாலில் உட்கார்ந்துவிடும். உடற்பகுதியை மூடும் முன் எல்லாவற்றையும் டேப்பால் சேர்த்து, பின்சக்கரங்கள் வரும் இடத்துக்கு நேர் கீழே ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து நிறுத்துங்கள். மூக்கு தெளிவாகத் தாழும்வரை முன்னால் எடையை டேப்பால் ஒட்டிக்கொண்டே போகலாம். பெயின்டும் சிறு பாகங்களும் பிறகு சேரும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும். மிக்-21இன் மூக்குக் கூம்பு உள்ளே வெற்றிடம், எடைக்குத் தோதான இடம். தூண்டில் ஈயக்குண்டு போதும். அதை எபாக்ஸியிலோ எம்-சீலிலோ பதியுங்கள், வெள்ளைப் பிவிஏ பசையில் வேண்டாம்: ஈயம் அதில் நாளடைவில் வெளுத்துப் பொங்கி, மூக்கைப் பிளக்கும். ஈயத்தைத் தொட்டபின் கை கழுவவும்.

எடை கூடிய மாடலுக்குச் சக்கரத்தைத் தாங்கும் காலை ரெசினில் வைக்காதீர்கள். மாதக்கணக்கில் நின்றால் மெல்ல வளையும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. கிட்டின் பிளாஸ்டிக் காலோ உலோகக் காலோ நல்லது.

இடைவெளி, ப்ரைமர், கண்ணாடி

ரெசினும் பிளாஸ்டிக்கும் சேரும் இடத்தில் சாதாரணப் புட்டி ரெசின் பக்கம் சரியாகப் பிடிக்காது, விளிம்பில் பெயர்ந்து வரும். கெட்டி சூப்பர் க்ளூவில் டால்கம் பவுடரைக் குழைத்து நிரப்புங்கள். பவுடர் அதை மென்மையாக்கித் தேய்க்கத் தோதாக்குகிறது. ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுங்கள். மறுநாள் பார்த்தால் அது சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, உப்புத்தாள் பிளாஸ்டிக்கைத் தின்னும், நிரப்பிய இடம் மேடாக நிற்கும். காற்றுக்குமிழிப் பள்ளத்துக்கும் இதே கலவை. சமையல் சோடா கலந்தால் நொடியில் கல்லாகும், வெளிப்பரப்புக்கு ஆகாது.

பெயின்டுக்கு முன் மிஸ்டர் சர்ஃபேசர் 1000 போன்ற லாக்கர் ப்ரைமர் ஒன்றிரண்டு மெல்லிய பூச்சு. ப்ரைமர் இல்லாமல் ரெசின் மேல் அடித்த அக்ரிலிக் நகம் பட்டாலே உரியும். விட்டுப்போன தேய்ப்புக் கீறலையும் ப்ரைமர்தான் காட்டிக்கொடுக்கும்.

காக்பிட்டுக்குள் சூப்பர் க்ளூ பயன்படுத்திய அன்றே கேனபியை மூடாதீர்கள். பசையின் ஆவி அடைபட்ட இடத்தில் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகப் படியும், மூடியபின் துடைக்க வழியில்லை. குறைந்தது ஒரு நாள் திறந்து வைத்து, கேனபியை வெள்ளைப் பிவிஏ பசையால் ஒட்டுங்கள். வழிந்தால் ஈரத் துணியில் துடைத்துவிடலாம்.